பூக்கள் முன்னதாகப் பூக்கின்றன என்றால் மரபணு மாறிவிட்டதா?

முகில் | பிப்ரவரி 3, காலை 9.10

கியோத்தோவில் 2021ஆம் ஆண்டு செர்ரி மரங்கள் மார்ச் 26 அன்றே முழுப் பூப்பை எட்டின. அதுவரையிலான 1,200 ஆண்டுகால பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்தது கிடையாது. அமெரிக்காவின் கான்கார்டில் 1850களில் எழுத்தாளர் தோரோ நாள் குறித்து வைத்த காட்டுச் செடிகள் பலவும் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன. தாவரங்களின் மரபணு தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மாறவில்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

நாற்றங்கால் | பிப்ரவரி 3, முற்பகல் 11.40

இது சான்றே இல்லை. ஜப்பான் வானிலைத் துறை பெரும்பாலான இடங்களில் கண்காணிக்கும் செர்ரி வகை சோமெய்-யோஷினோ. அது விதையில் வளர்வதில்லை. ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். நாடு முழுக்க நிற்கும் அந்த மரங்கள் எல்லாம் மரபளவில் ஒரே மரத்தின் நகல்கள். நகல்களுக்குள் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பெருகுவது) நடக்க வழியில்லை. ஆனாலும் அவை முன்னதாகப் பூக்கின்றன. மரபணு துளியும் மாறாமல் பூக்கும் நாள் நகர முடியும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதற்குப் பெயர் புறத்தோற்ற நெகிழ்வு. ஒரே மரபமைப்பு சூழலுக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக வெளிப்படுவது. மிதவெப்பநிலச் செடிகள் பல, வசந்தகாலம் 1 டிகிரி சூடானால் சில நாட்கள் முன்னதாகப் பூக்கும். அடுத்த ஆண்டு குளிர்ந்தால் பழைய நாளுக்கே திரும்பிவிடும்.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 3, பிற்பகல் 1.05

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கியோத்தோவின் 1,200 ஆண்டுத் தொடர் சோமெய்-யோஷினோவைப் பற்றியது அல்ல. அந்த வகை பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். பழைய நாட்குறிப்புகளில் இருப்பது பெரும்பாலும் யமாசகுரா என்னும் மலைச் செர்ரி. அது விதையாலும் பெருகும், மரத்துக்கு மரம் வேறுபடும். ஆகவே "நகல்" வாதம் வானிலைத் துறையின் இக்காலப் பதிவுகளுக்கு முழுமையாகப் பொருந்தும், கியோத்தோவின் நீண்ட தொடருக்கு அப்படியே பொருந்தாது. அங்கேயும் கடைசி 100 ஆண்டுகளின் நகர்வுக்கு மரபணுவைக் காரணம் காட்டுவது கடினம். மரத்தின் ஒரு தலைமுறைக்கே பல பத்தாண்டுகள் ஆகும்.

கான்கார்டு பதிவும் இதே வகைதான். நாளை எழுதி வைத்தார்கள், விதையை எடுத்து வைக்கவில்லை. நாள் நகர்ந்தது தெரிகிறது. அதில் நெகிழ்வு எவ்வளவு, மரபு எவ்வளவு என்று பிரிக்க அந்தப் பதிவில் வழியில்லை.

முகில் | பிப்ரவரி 3, மாலை 6.30

அப்படியானால் பிரிப்பது எப்படி?

நாற்றங்கால் | பிப்ரவரி 4, காலை 8.20

பழைய விதையையும் புதிய விதையையும் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே நீர் அளவில் வளர்க்க வேண்டும். சூழல் ஒன்றாக இருக்கும்போதும் வேறுபாடு தெரிந்தால் அது மரபில் இருக்கிறது. மூதாதையரை உயிர்ப்பித்து வழித்தோன்றல்களோடு ஒப்பிடுவதால் இதை உயிர்ப்பிப்புச் சோதனை என்கிறார்கள். கேட்க எளிது. கெட்டுப்போகும் இடங்கள் ஏராளம், அதனால் படிப்படியாக எழுதுகிறேன்.

சேகரிப்பு. ஓர் இனக்கூட்டத்தில் குறைந்தது 50 தாய்ச்செடிகள், 100 கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு தாயின் விதையும் தனி உறையில். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டினால் பிறகு குடும்பவாரியாக (ஒரு தாயின் பிள்ளைகள் ஒரு குடும்பம்) கணக்கிட முடியாது; அதிகம் காய்த்த நாலைந்து செடிகளே பையை நிரப்பிவிடும். குட்டையான, நோஞ்சான் செடிகளையும் விடக்கூடாது. ஒரே நாளில் போய் எடுத்துவிட்டு வருவதுதான் பலர் செய்யும் பிழை. முதலில் பூத்தவை அதற்குள் விதையை உதிர்த்திருக்கும், கடைசியில் பூத்தவை இன்னும் பச்சையாக இருக்கும். அளக்க நினைக்கும் பண்பே பூக்கும் நாள் என்றால், சேகரிப்பு நாளே முடிவைக் கோணலாக்கிவிடும். பருவத்தில் 3 முறையாவது போக வேண்டும்.

சேமிப்பு. காற்றின் ஈரப்பதம் 15% அளவிலும் வெப்பம் 15 டிகிரி அளவிலும் உள்ள அறையில் சில வாரம் உலர்த்தி, காற்றுப் புகாத அலுமினியத் தாள் உறையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைப்பது வழக்கம். உலர்த்தாமல் உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிடும்.

புதுப்பிப்புத் தலைமுறை. பலரும் தாவிப் போகும் படி இது, முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான். 10 ஆண்டு குளிரில் கிடந்த விதையையும் போன பருவத்து விதையையும் நேராக ஒப்பிடக் கூடாது. பழைய விதை மெதுவாக முளைக்கும். தாய் வறட்சியில் வளர்ந்திருந்தால் விதையின் எடையே குறைந்திருக்கும். அதன் தாக்கம் நாற்றுப் பருவம் முழுக்கத் தொடரும். இரண்டு தொகுதிகளையும் ஒரு தலைமுறை ஒரே இடத்தில் வளர்த்து, தொகுதிக்குள்ளேயே கைமகரந்தச் சேர்க்கை செய்து, புது விதை எடுக்க வேண்டும். சோதனைக்குப் போவது அந்த விதைதான்.

கலப்பு. மூதாதையரையும் வழித்தோன்றலையும் தங்களுக்குள் கலந்து மூன்றாவது தொகுதி ஒன்றையும் உருவாக்குங்கள். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூடி வரும் வேறுபாடு என்றால் கலப்புச் செடிகள் நடுவில் விழும்.

வளர்ப்பு. தொகுதிக்கு 40 குடும்பம், குடும்பத்துக்கு 4 முதல் 6 செடி, பாத்திகளில் சீட்டுக் குலுக்கலாக இடம். மூதாதையர் ஒரு மேசை, வழித்தோன்றல் ஒரு மேசை என்று வைத்தால் அளப்பது மேசைகளின் வேறுபாட்டைத்தான். நாளை விதைத்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, முளை வெளிவந்த தேதியிலிருந்து முதல் பூ விரியும் வரை எண்ண வேண்டும்.

தூவல் | பிப்ரவரி 4, முற்பகல் 10.55

இந்த முறைக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் பிராசிக்கா ராபா. கடுகுக் குடும்பம், ஓராண்டுச் செடி. 1997இல் எடுத்த விதையையும், 2000 முதல் 2004 வரை நீடித்த வறட்சிக்குப் பின் 2004இல் எடுத்த விதையையும் ஒன்றாக வளர்த்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. வறட்சிக்குப் பிந்தைய செடிகள் ஓர் இனக்கூட்டத்தில் 1.9 நாள், இன்னொன்றில் 8.6 நாள் முன்னதாகப் பூத்தன. கலப்புச் செடிகள் நடுவில் விழுந்தன. சில தலைமுறைகளுக்குள் நடந்த மரபு மாற்றம் இது. சந்தேகத்துக்கு இடமில்லை.

குறைவாக நகர்ந்தது வறண்ட இடத்துக் கூட்டம். அது ஏற்கெனவே முன்பூப்புக் கூட்டம், மேலும் நகர அதற்கு இடம் குறைவு. ஈர இடத்தில் இருந்ததுதான் 8.6 நாள் நகர்ந்தது.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 4, பிற்பகல் 2.15

காட்டுத் தானியங்களிலும் இருக்கிறது. இஸ்ரேலில் காட்டுக் கோதுமை 10 கூட்டம், காட்டு பார்லி 10 கூட்டம், 1980இல் ஒரு முறை, 2008இல் ஒரு முறை விதை எடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 28 ஆண்டுகளில் இரண்டு இனங்களுமே சராசரியாக ஒரு வாரத்துக்கு மேல் முன்பூப்புக்கு நகர்ந்திருந்தன.

பல்லாண்டுச் செடிகளுக்கு இங்கிலாந்தின் பக்ஸ்டன் புல்வெளிச் சோதனை. 1993 முதல் அங்கே சில கட்டங்களைச் சூடேற்றியும் சிலவற்றுக்குக் கோடை மழையை மறைத்தும் வருகிறார்கள். அந்தக் கட்டங்களின் ஃபெஸ்டுகா புல்லிலும் பிளான்டாகோ என்னும் பூண்டிலும் மரபு வேறுபாடு காணப்பட்டது. கட்டங்கள் சில மீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. மகரந்தம் தாராளமாகக் கலக்கக்கூடிய தூரம். அப்படியிருந்தும் வேறுபாடு நிலைத்தது என்றால் தேர்வு அவ்வளவு கடுமையாக இருந்திருக்க வேண்டும்.

நாற்றங்கால் | பிப்ரவரி 4, இரவு 9.40

காலையில் எழுதிய படிகளில் ஒரு பொறி விட்டுப்போயிற்று, சேமிப்பில் செத்த விதைகள். 100 விதையில் 60 முளைத்தால் மற்ற 40 யார்? தற்செயலாகச் செத்திருந்தால் கவலையில்லை. ஆனால் விதை நீண்ட நாள் உயிரோடு இருக்கும் தன்மையும் பூக்கும் நாளும் மரபளவில் பிணைந்திருந்தால், முளைத்த 60 பழைய கூட்டத்தின் நேர்மையான மாதிரி ஆகாது. இதைக் கண்ணுக்குத் தெரியாத பங்கு என்பார்கள். முளைப்பு 90%க்கு மேல் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. 50%க்குக் கீழே என்றால் குடும்பவாரி முளைப்பு வீதத்தைப் பூக்கும் நாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது.

முகில் | பிப்ரவரி 5, காலை 7.50

7 தலைமுறைக்குள் புது மரபணு எங்கிருந்து வந்தது? வறட்சி திடீர்மாற்றங்களை உண்டாக்கியதா?

தூவல் | பிப்ரவரி 5, காலை 9.30

உண்டாக்கவில்லை, வரவும் இல்லை. ஏற்கெனவே கூட்டத்துக்குள் இருந்ததுதான்.

கணக்கைப் பாருங்கள். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் ஒரு தலைமுறையில் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு 100 கோடிக்குச் சுமார் 7. அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 12 கோடி எழுத்து. பெருக்கினால் ஒற்றைத் தொகுதிக்கு ஒரு தலைமுறையில் கிட்டத்தட்ட 1 மாற்றம். அதுவும் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பயனற்ற இடத்தில் விழும். குறிப்பிட்ட ஒரு மரபணுவில் குறிப்பிட்ட ஒரு நல்ல மாற்றம் வேண்டுமென்றால் பெரிய கூட்டமும் நீண்ட காத்திருப்பும் தேவை. வறட்சி அதுவரை காத்திருக்காது.

ஆனால் முன்பூப்பு அலீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) பல ஏற்கெனவே கூட்டத்தில் 5%, 20%, 40% என்று சிதறிக் கிடக்கின்றன. வறட்சியில் தாமதமாகப் பூத்தவை விதை வைக்காமல் காய்கின்றன. முன்பூப்பு அலீல்களின் பங்கு ஒவ்வொன்றிலும் சில விழுக்காடு ஏறுகிறது. நூறு இடங்களில் சிறிது சிறிதாக ஏறினால் சராசரி சில நாள் நகர்ந்துவிடும். புதிதாக எதுவும் உருவாக வேண்டியதில்லை.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 5, முற்பகல் 11.10

எப்போதும் நூறு சிறிய மரபணுக்கள்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை மரபணு பெரிய வேலை செய்யும் இடங்களும் உண்டு. நெல்லின் சப்-1ஏ. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்னும் நாட்டு வகையிலிருந்து பிரித்தெடுத்தது, 2006இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. சாதாரண நெல் முழுக மூழ்கினால் நீருக்கு மேலே தலையெடுக்க விரைந்து நீள்கிறது, மாவுச்சத்தைச் செலவழித்துத் தீர்க்கிறது, ஒரு வாரத்துக்குள் சாகிறது. சப்-1ஏ இருந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சேமிப்பைக் காக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். ஸ்வர்ணா நெல்லில் பின்கலப்பு (மூல வகையோடே மீண்டும் மீண்டும் கலப்பது) மூலம் இதைச் சேர்த்து 2009இல் வெளியிட்டார்கள்.

இதே நெல்லில் ஆழநீர் வகைகள் நேர் எதிர் வழியில் போகின்றன. ஸ்நார்க்கெல் மரபணுக்கள் தண்டை விரைந்து நீளச் செய்து வெள்ளத்துக்கு மேலே கொண்டுபோகின்றன. திடீர் வெள்ளம் வந்து வடியும் இடத்தில் சப்-1ஏ உதவும், மாதக்கணக்கில் தேங்கும் இடத்தில் ஸ்நார்க்கெல் உதவும். இரண்டும் ஒரே வகை மரபணுக் குடும்பம், எத்திலீன் என்னும் தாவர ஹார்மோனின் சமிக்ஞைக்கு எதிர்வினை தருபவை. "வெள்ளத்தைத் தாங்கும் மரபணு" என்று பொதுப்படையாகப் பேசினால் எந்த வெள்ளம் என்று கேட்க வேண்டும்.

நாற்றங்கால் | பிப்ரவரி 5, மாலை 5.25

வேகத்தைக் கணக்கிடும் வாய்ப்பாடு பயிர்ப்பெருக்கத்திலிருந்து வந்தது, மிக எளியது.

ஒரு தலைமுறையின் நகர்வு = மரபுவழிப் பங்கு × தேர்வு வேறுபாடு. மரபுவழிப் பங்கு என்பது செடிகளுக்கிடையிலான வேறுபாட்டில் பிள்ளைகளுக்குக் கைமாறும் பகுதி.

கூட்டத்தின் சராசரிப் பூப்பு 60ஆம் நாள். வறட்சியில் விதை வைத்தவற்றின் சராசரி 54ஆம் நாள். தேர்வு வேறுபாடு மைனஸ் 6. மரபுவழிப் பங்கு 0.3 என்றால் அடுத்த தலைமுறை 1.8 நாள் முன்னதாகப் பூக்கும். 6 நாளும் முழுசாகக் கைமாறாது. அந்த 6இல் பெரும்பகுதி, நல்ல இடத்தில் முளைத்த அதிர்ஷ்டம்.

0.3 எங்கிருந்து கிடைக்கும்? 40 தந்தைச் செடி, ஒவ்வொன்றின் மகரந்தத்தையும் வெவ்வேறு 3 தாய்களுக்கு, தாய்க்கு 4 பிள்ளை, மொத்தம் 480 செடி. தந்தைகளுக்கு இடையிலான மாறுபாட்டை 4ஆல் பெருக்கி மொத்த மாறுபாட்டால் வகுக்க வேண்டும். தந்தை மாறுபாடு 1.5, மொத்தம் 20 என்றால், 6ஐ 20ஆல் வகுக்க 0.3. தாய்களை வைத்துக் கணக்கிட்டால் விதைப் பருமனின் தாக்கமும் சேர்ந்து எண் ஊதிப்போகும். தந்தை தருவது மகரந்தம் மட்டும்தான், அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

0.3 என்பது அந்தக் கூட்டத்துக்கும் அந்தச் சூழலுக்கும் மட்டும் உரியது. கண்ணாடி வீட்டில் அளந்ததை வயலுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மிகையாக இருக்கும். வயலில் மண் மாறுபாடு அதிகம், வகுக்கும் எண் பெருகும்.

தூவல் | பிப்ரவரி 5, இரவு 8.00

மண்ணுக்குள் கிடக்கும் விதையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த ஆண்டு முளைப்பவற்றில் பாதி, வறட்சிக்கு முன் உதிர்ந்த பழைய விதை என்றால் 1.8 நாள் 0.9 ஆகிவிடும். பாலைவன ஓராண்டுச் செடிகளில் இது பெரிய தடை. அதே பழைய விதைதான் ஓர் ஆண்டு முழுக்கப் பொய்த்தாலும் கூட்டத்தை அழியாமல் காப்பது. இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது.

நல்ல மழை ஆண்டில் தேர்வு திரும்பிவிடும் என்பதும் உண்டு. தாமதமாகப் பூப்பவை பெரிதாக வளர்ந்து அதிக விதை வைக்கும். மைனஸ் 6, பிளஸ் 4, மைனஸ் 5, பிளஸ் 3 என்று ஆண்டுகள் மாறி வந்தால் நிகர நகர்வு மிகக் குறைவு. ஒற்றை வறட்சியின் வேகத்தை எடுத்து 50 ஆண்டுக்குப் பெருக்குவது தவறு.

நாற்றங்கால் | பிப்ரவரி 6, காலை 8.45

இதைவிடப் பெரிய தடை பண்புகளின் பிணைப்பு. இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மாறுபாடு இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடுகிறோம். தேவைப்படும் திசையில் மாறுபாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

அராபிடாப்சிஸில் தாமதமாகப் பூக்கும் வகைகள் நீரைச் சிக்கனமாகச் செலவழிப்பவை, முன்பூப்பு வகைகள் தாராளமாகச் செலவழிப்பவை. ஒரே மரபணு இரண்டையும் தொடுகிறது. இப்போது வறட்சி இரண்டையும் கேட்கிறது: சீக்கிரம் பூ, நீரையும் மிச்சம் பிடி.

திட்ட விலக்க அலகில் (பண்பின் இயல்பான சிதறலை 1 என்று வைக்கும் அலகு) எண் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். பூப்பு நாளின் மரபு மாறுபாடு 0.4, நீர்ச்சிக்கனத்தினுடையது 0.3, இரண்டும் சேர்ந்து மாறும் அளவு 0.25. தேர்வின் அழுத்தம் பூப்பு நாள் மீது மைனஸ் 0.5, சிக்கனத்தின் மீது பிளஸ் 0.4.

பூப்பு நாளின் நகர்வு: 0.4 × மைனஸ் 0.5 = மைனஸ் 0.20. அதோடு 0.25 × 0.4 = பிளஸ் 0.10. மொத்தம் மைனஸ் 0.10.

சிக்கனத்தின் நகர்வு: 0.3 × 0.4 = பிளஸ் 0.12. அதோடு 0.25 × மைனஸ் 0.5 = மைனஸ் 0.125. மொத்தம் மைனஸ் 0.005.

பிணைப்பு இல்லாதிருந்தால் 0.20உம் 0.12உம் கிடைத்திருக்கும். பிணைப்பால் ஒன்று பாதியானது, இன்னொன்று நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு பண்பிலும் தாராளமாக மாறுபாடு இருந்தும் இந்தக் கதி.

இது தாளில் மட்டும் நடப்பதல்ல. கமேக்ரிஸ்டா ஃபாசிகுலாட்டா என்னும் அவரைக் குடும்பச் செடியை மின்னசோட்டா, கான்சாஸ், ஓக்லஹோமா ஆகிய மூன்று இடங்களில் வளர்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. வடக்கின் கூட்டங்களில் மரபு மாறுபாடு இருந்தது. பிணைப்புகள் தேர்வின் திசைக்கு எதிராக இருந்ததால் முன்கணித்த வேகம் தட்பவெப்ப மாற்றத்துக்குப் பின்தங்கியது.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 6, பிற்பகல் 12.30

பிராசிக்கா ராபாவிலும் அப்படியே. வறட்சிக்குப் பின் அது தப்பிக்கும் வழிக்குத்தான் நகர்ந்தது: சீக்கிரம் பூத்து முடித்துவிடு, நீரைச் சேமிக்க முயலாதே. அதற்கு விலையும் இருந்தது. வறட்சிக்குப் பிந்தைய செடிகள் ஆல்டர்னேரியா பூஞ்சைக்கு அதிகம் இரையாயின. "தகவமைந்தது" என்று எழுதும்போது எதற்கு என்பதையும், எதை இழந்து என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

முகில் | பிப்ரவரி 6, இரவு 10.15

மரபணு எழுத்து மாறாமலே, மெத்திலேற்றம் (டி.என்.ஏ.வின் மேல் ஏறும் வேதிக்குறி) வழியாகத் தாய் பட்ட வறட்சியைப் பிள்ளை நினைவு வைத்திருக்கும் என்று நிறைய படிக்கிறோமே? அது இந்த வாய்ப்பாட்டை எல்லாம் தாண்டிப் போய்விடாதா?

தூவல் | பிப்ரவரி 7, காலை 10.00

நினைவு உண்டு. கேள்வி அது எத்தனை தலைமுறை தாங்கும் என்பது.

மிக நன்றாக ஆராயப்பட்டது குளிர்கால நினைவு. அராபிடாப்சிஸில் எஃப்.எல்.சி. என்னும் மரபணு பூப்பைத் தடுத்து வைக்கும். ஃப்ரிஜிடா என்னும் இன்னொரு மரபணு அதைத் தூண்டிக்கொண்டிருக்கும். சில வாரம் குளிர் பட்டதும் டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் குறிகள் ஏறி எஃப்.எல்.சி. அடங்குகிறது. குளிர் போன பின்னும் அடங்கியே இருக்கிறது. செடி வசந்தத்தில் பூக்கிறது. உண்மையான நினைவு. ஆனால் விதைக்குள் கரு உருவாகும்போது அந்தக் குறிகள் துடைக்கப்பட்டு எஃப்.எல்.சி. மறுபடி விழிக்கிறது. துடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை குளிரைக் காணாமலே இலையுதிர்காலத்தில் பூத்து உறைபனியில் சாகும். அழுத்தத்தால் வரும் குறிகளில் பெரும்பாலானவை இப்படியே அழிகின்றன.

ஃப்ரிஜிடாவின் கதை வேறு. அதில் எழுத்துகள் அழிந்துபோன வகைகள் குளிருக்காகக் காத்திருக்காமல் பூக்கின்றன. கொலம்பியா வகையில் 16 எழுத்து இல்லை, லேண்ட்ஸ்பெர்க் வகையில் 376 எழுத்து இல்லை. தனித்தனியே நடந்த இழப்புகள், ஒரே விளைவு. தலைமுறைகளுக்கு நிலைக்கும் முன்பூப்பு இப்படித்தான் வருகிறது.

நிலைக்கும் மெத்திலேற்றமும் அரிதாக உண்டு. லினேரியா செடியின் ஆரச்சமச்சீர்ப் பூவை (எல்லாப் பக்கமும் ஒரே வடிவானது) தாவரவியலாளர் லின்னேயஸ் 1740களிலேயே விவரித்தார். 1999இல் பார்த்தபோது காரணம் எழுத்து மாற்றம் அல்ல, ஒரு மரபணுவின் மெத்திலேற்றம். அதையும் தேர்வுதான் வடிகட்ட வேண்டும். ஆகவே வாய்ப்பாட்டைத் தாண்டிப் போகவில்லை, அதற்குள் இன்னொரு வகை மாறுபாடாக உட்காருகிறது.

நாற்றங்கால் | பிப்ரவரி 7, பிற்பகல் 3.20

மேலே சொன்ன புதுப்பிப்புத் தலைமுறை எதற்கு என்பது இப்போது இன்னும் தெளிவாகும். இந்த மாதிரியான ஒரு தலைமுறை நினைவுகளை வடிகட்டவும் அது தேவை. கவலை தீரவில்லை என்றால் 2 தலைமுறை.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 8, காலை 9.15

மரங்களுக்கு வருவோம். ஓக் கொட்டையை உலர்த்தினால் செத்துவிடும், மைனஸ் 18இல் வைக்க முடியாது. விதை வங்கி வழி அடைபட்டது. தலைமுறையும் நீளம். அதனால் மரங்களில் காலத்துக்குப் பதில் இடத்தை ஒப்பிடுகிறார்கள்: பல ஊர் விதைகளைப் பல ஊர்களில் நட்டு, எது எங்கே செழிக்கிறது என்று பார்ப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1974இல் தொடங்கிய இல்லிங்வொர்த் சோதனையில் லாட்ஜ்போல் பைன் மரத்தின் 140 விதைமூலங்கள் (விதை எடுத்த இடங்கள்), 60 இடங்கள். இவ்வளவு பெரியதாக இருந்தால்தான் ஒரு விதைமூலத்தை 2 டிகிரி சூடான இடத்துக்கு நகர்த்தினால் வளர்ச்சி எவ்வளவு மாறும் என்று வளைகோடு வரைய முடியும்.

மரங்களில் கூடுதல் சிக்கல் பகல் நீளம். குளிர்நாட்டு மரங்கள் பல, பகல் குறைவதைக் கண்டே மொட்டை மூடி வளர்ச்சியை நிறுத்துகின்றன. தட்பவெப்பம் எவ்வளவு மாறினாலும் ஆகஸ்டு 20ஆம் தேதியின் பகல் நீளம் மாறாது. இலையுதிர்காலம் 3 வாரம் நீண்டாலும் மரம் பழைய தேதியிலேயே மூடிக்கொள்ளும். இங்கே நெகிழ்வு கைகொடுக்காது, மரபு மாறியாக வேண்டும். ஸ்வீடனின் ஆஸ்பென் மரத்தில் 10ஆம் குரோமோசோமில் எஃப்.டி.2 மரபணு இருக்கும் பகுதி இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வகிக்கிறது. வடக்கு மரங்களில் அந்த இடத்தில் கடுமையான தேர்வின் தடம் தெரிகிறது.

அதனால்தான் தெற்கு விதையை வடக்கே கொண்டுபோய் நடுவதில் எச்சரிக்கை தேவை. வெப்பம் பொருந்தலாம், பகல் நீளம் பொருந்தாது. தெற்கு மரம் வடக்கின் நீண்ட பகலைக் கண்டு செப்டம்பர் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், முதல் உறைபனியில் நுனி கருகும். வெப்பத்துக்காக விதையை நகர்த்துவதானால் அகலாங்கில் தாவுவதைவிட அதே அகலாங்கில் மலையின் கீழிருந்து மேலே போவது பாதுகாப்பு.

தூவல் | பிப்ரவரி 8, முற்பகல் 11.45

உள்ளூர் விதையே எப்போதும் சிறந்தது என்ற நம்பிக்கை ஆட்டம் காண்பதையும் சொல்ல வேண்டும். அராபிடாப்சிஸை வலென்சியா, நாரிச், ஹாலே, ஓலு என்று தெற்கிலிருந்து வடக்கு வரை நான்கு இடங்களில் நட்ட ஆய்வு 2014இல் வந்தது. பல இடங்களில் உள்ளூர் வகைகளைவிட, வரலாற்றில் அதிக வெப்பமான இடங்களிலிருந்து வந்தவை அதிகம் விதை வைத்தன. கலிபோர்னியாவின் பள்ளத்தாக்கு ஓக்கிலும் 2019இல் அதே பாங்கு. நாற்றுகள் தம் தாய் இடத்தைவிடக் குளிர்ந்த இடத்தில் வேகமாக வளர்ந்தன. இன்றைய வெப்பத்துக்கே அவை பின்தங்கி நிற்கின்றன.

முகில் | பிப்ரவரி 8, இரவு 7.30

மரபுத்தொகுதியைப் படித்து எந்தக் கூட்டம் 2050இல் தவிக்கும் என்று வரைபடம் போடுகிறார்களே. 60 இடத்தில் நட்டு 40 ஆண்டு காத்திருப்பதற்குப் பதில் அதை நம்பலாமா?

நாற்றங்கால் | பிப்ரவரி 9, காலை 9.00

வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். அந்த முறை இன்று எந்த அலீல் எந்தத் தட்பவெப்பத்தில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, நாளைய தட்பவெப்பத்துக்கு எவ்வளவு அலீல் மாற்றம் தேவை என்று கணிக்கிறது. மூன்று இடங்களில் சறுக்கும்.

பனியுகத்துக்குப் பின் இனங்கள் தெற்கிலிருந்து வடக்கே பரவியதால், தேர்வோடு தொடர்பே இல்லாத அலீல்களும் அகலாங்கோடு சேர்ந்து மாறும். கூட்டங்களின் உறவு நெருக்கத்தைக் காட்டும் எண் அட்டவணையான உறவுமுறை அணியைச் சேர்த்து அதைத் திருத்தினால் உண்மையான தகவமைப்பு அலீல்களையும் சேர்த்துத் துடைத்துவிடும் அபாயம் உண்டு. திருத்தாவிட்டால் போலிகள் நிறையும்.

இன்றைய பரவலே உகந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. மேலே தூவல் சொன்ன பின்தங்கல் உண்மையானால் தொடக்கப் புள்ளியே தவறு.

நாளை வரப்போகும் வெப்பமும் மழையும் சேர்ந்த கூட்டு இன்று எங்குமே இல்லாததாக இருக்கலாம். கற்றதற்கு வெளியே கணிப்பது எந்த மாதிரியிலும் பலவீனம்.

சரிபார்க்க ஒரே வழி: வரைபடம் தவிக்கும் என்று சொன்ன கூட்டத்தையும் தாங்கும் என்று சொன்ன கூட்டத்தையும் சூடான தோட்டத்தில் அருகருகே நட்டுப் பார்ப்பது. 60 இடம் வேண்டாம், 3 இடம் போதும். ஆனால் நட வேண்டும்.

முகில் | பிப்ரவரி 9, மாலை 6.10

உயிர்ப்பிப்புச் சோதனை ஒன்றைச் சிறிய அளவில் செய்வதானால், பூக்கும் நாளைத் தவிர எதை அளந்தால் பயன் அதிகம்?

நாற்றங்கால் | பிப்ரவரி 10, காலை 8.30

இரண்டு. முதல் பூ வரும்போது தண்டில் எத்தனை கணு. நாள் குறைந்து கணுவும் குறைந்தால் செடி முன்பே முடிவெடுத்திருக்கிறது. நாள் குறைந்து கணு அப்படியே இருந்தால் வளர்ச்சி வேகம்தான் கூடியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு மரபணுக்கள். செலவே இல்லாத அளவீடு, ஆனால் அடிக்கணுக்கள் உதிரும் முன் எண்ண வேண்டும். 5ஆவது இலைக்காம்பில் நூல் கட்டி வைத்தால் பிறகு எண்ணிக்கை தவறாது.

அடுத்தது இலையின் கார்பன்-13 விகிதம். இலைத்துளை மூடியிருந்த செடியில் கனமான கார்பன் கூடுதலாகச் சேரும், அதை வைத்து வாழ்நாள் முழுமைக்கும் நீர்ச்சிக்கனத்தை மதிப்பிடலாம். எல்லாச் செடியிலும் ஒரே வயதுடைய, முழுதாக விரிந்த, நிழல் படாத இலை. 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, மாவாகப் பொடித்து, 2 முதல் 3 மில்லிகிராம் தகரக் குப்பியில் மடித்து அனுப்ப வேண்டும். பொடி சீராக இல்லாவிட்டால் ஒரே இலையின் இரண்டு மாதிரிகளே வேறு எண் காட்டும். கண்ணாடி வீட்டில் வாயு அடுப்பு எரித்தோ உருளையிலிருந்தோ கார்பன் டை ஆக்சைடு ஏற்றியிருந்தால் அந்தக் காற்றின் விகிதமே வேறு, எண்கள் பயன்படாது.

வேலிப்பருத்தி | பிப்ரவரி 10, முற்பகல் 10.05

இது கோதுமை, நெல், கடுகு போன்ற சி-3 செடிகளுக்கு. (சி-3, சி-4 என்பவை ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் இரு வழிகள்.) சோளம், கம்பு போன்ற சி-4 செடிகளில் இந்த விகிதம் நீர்ச்சிக்கனத்தோடு அவ்வளவு நேராக ஓடாது. அங்கே வாயுப் பரிமாற்றக் கருவியை இலையில் பொருத்தி நேரடியாக அளக்க வேண்டும், காலை 9 முதல் 11 மணிக்குள், பாத்தி வரிசையில் போகாமல் சீட்டுக் குலுக்கிய வரிசையில்.